கொங்குத் தோட்டங்களுக்கு அறுவடைக் காலத்தில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை பிறந்துவிட்டால் கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் குடும்பத்தோடு காரில் கிளம்பி, கோபி, பவானி, காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கத்து ஊர்களைப் பார்த்துவர விரும்புவோர் பலர். விளையும் இடத்திலேயே நெல்லையும் மஞ்சளையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்ற அந்த ஆசை வரவேற்கத்தக்கது. ஆனால் போட்ட முதலும் பட்ட பாடும் கைக்கு வருமா என்பது தீர்மானமாகும் சில வாரங்களில்தான் நாம் அங்கே போய் நிற்கிறோம். ஆள் கிடைக்காத கவலையும் மழை வந்துவிடுமோ என்ற அச்சமும் உள்ள அந்த நாள்களில், வந்தவர்களின் சிறு கவனக்குறைவும் தோட்டக்காரருக்கு நட்டமாகவோ, வந்தவர்களுக்கே ஆபத்தாகவோ முடியக்கூடும்.

முதல் தவறு நாளைத் தேர்ந்தெடுப்பதிலேயே நேர்கிறது. அறுவடை என்றால் பொங்கல் என்று எண்ணிக்கொண்டு, பொங்கல் விடுமுறையில் வந்து, வெறிச்சோடிய வயலைப் பார்த்து ஏமாறுவோர் உண்டு. அந்த மூன்று நான்கு நாள்களும் வேலையாட்களுக்கும் நோம்பி (பண்டிகை) என்பதால் பெரும்பாலான வயல்களில் வேலை நின்றிருக்கும். மேலும், கொங்கு நாட்டின் பாசனப் பகுதிகளில் அறுவடை மாதத்தை வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுகிறார்கள் என்பதே முடிவு செய்கிறது. பவானிசாகர் அணையிலிருந்து நீர் பெறும் கீழ்பவானிப் பாசனத்தின் 2.07 லட்சம் ஏக்கர் நிலமும் ஒரே போகத்தில் பாசனம் பெறுவதில்லை; ஒரு பாதிக்கு ஆகஸ்ட் நடுவில் நெல்லுக்கும், மறு பாதிக்குத் தை மாதவாக்கில் கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிர்களுக்கும் தண்ணீர் விடுவது வழக்கம். ஆகவே ஓரிடத்தில் மார்கழி, தை மாதங்களில் நெல் அறுவடை நடக்க, மற்றோரிடத்தில் சித்திரை வெயிலில்தான் கடலை பறிப்பார்கள். கோபியைச் சுற்றியுள்ள தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்துக்குக் கணக்கு வேறு. மஞ்சள் தையில் தொடங்கிப் பங்குனி வரை நீளும். தென்னையில் ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்டு உண்டு என்பதால் அதற்குத் தனிப் பருவமே கிடையாது. எதைப் பார்க்க விரும்புகிறோம் என்று முடிவு செய்துகொண்டு, தோட்டக்காரரைத் தொலைபேசியில் கேட்டபின் கிளம்புவதே முறை.

தோட்டத்துச் சாலைக்குள் சொல்லாமல் நுழைவது அடுத்த தவறு. தனியாக இருக்கும் அந்த வீடுகளில் நாய் அவிழ்ந்து கிடக்கும். பகலில் பெரியவர் ஒருவரோ பெண்கள் மட்டுமோ இருப்பார்கள். வேலியோரமே நின்று, "ஏனுங்க, யாராச்சும் இருக்கீங்களா? உள்ள வரலாங்களா?" என்று குரல் கொடுத்தால் போதும், அதன்பின் கிடைக்கும் வரவேற்பில் குறை இருக்காது.

மஞ்சள் காயும் களத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் அதிகம் பேர் படம் எடுக்க இறங்குவது அங்கேதான். மஞ்சளின் இலைத்தாளை அறுத்துவிட்டு, கிழங்கைத் தோண்டி, விரல்போல் நீண்ட விரலியையும் உருண்டையான குண்டையும் பிரித்து, வேகவைத்து, 10 முதல் 15 நாள் வெயிலில் காயவைத்து, சுழலும் பீப்பாயில் இட்டு மெருகேற்றிய பிறகுதான் அது ஈரோடு, பெருந்துறை ஏலத்துக்குப் போகிறது. 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஈரோடு மஞ்சளுக்கும் ஏலத்தில் விலை வைப்பது நிறத்தையும் நீளத்தையும் காய்ந்த பதத்தையும் பார்த்துத்தான். செருப்புக் காலோடு அதன்மேல் நடந்தால் விரலி முறியும், மண் ஒட்டும், இரண்டுமே விலையைக் குறைக்கும். குழந்தைகள் கையில் தண்ணீர்ப் புட்டியைக் கொடுத்துக் களத்தில் விட்டுவிடுவதும் கூடாது. காய்ந்துகொண்டிருக்கும் மஞ்சளில் ஈரம் பட்டால் அந்த இடத்தில் பூசணம் பிடிக்கும். நிழலில் மஞ்சள் இலையால் மூடித் தனியாக வைத்திருக்கும் குவியல் அடுத்த நடவுக்கான விதை மஞ்சளாக இருக்கலாம். அதிலிருந்து நினைவுப் பொருளாக ஒரு கை அள்ளிக்கொள்வதைத் தோட்டக்காரர் முகத்துக்கு நேரே தடுக்க மாட்டார், ஆனால் மனம் வருந்துவார். வாங்க விரும்பினால் காய்ந்ததா என்று சோதித்து வாங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த விரலி, ஒடிக்கும்போது 'டக்'கென்று ஓசையோடு முறியும். வளைந்து கொடுத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அதை அரைத்து வைத்தால் தூள் நாள்பட நிற்காது.

கவுந்தப்பாடிப் பக்கத்துக் கரும்பாலைகளில் நேரும் தவறுகள் இன்னும் கவலைக்குரியவை. பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் அங்கே கரும்பு அரைப்பதும் பாகு காய்ச்சுவதும் ஓய்வின்றி நடக்கும். கரும்பைக் கையில் கொடுத்து, உருளையில் பிள்ளையே செருகுவதுபோலப் படம் எடுக்கும் பெற்றோர், அந்த உருளை விரலையும் கரும்பையும் வேறுபடுத்தி அறியாது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலை முந்தானையும் துப்பட்டாவும் இடுப்பில் செருகியிருக்க வேண்டும். கொப்பரையில் கொதிக்கும் பாகு, கொதிநீரைவிடச் சூடானது; தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகப் புண்ணாக்கும். ஆகவே பாகைத் தொட்டியில் ஊற்றும் நேரத்தில் அடுப்பு மேட்டிலிருந்து தள்ளி நிற்பது நல்லது. பக்கத்தில் மலைபோல் குவித்திருக்கும் காய்ந்த சக்கைதான் அடுப்புக்கு எரிபொருள் என்பதால், அங்கே பீடி, சிகரெட் பற்றவைப்பதைப் போன்ற பொறுப்பின்மை வேறில்லை.

அங்கே நாட்டுச் சர்க்கரையும் வெல்லமும் வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தில் ஏமாறுகிறார்கள். வெளிர்மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பதே சுத்தமானது என்று நம்பி, மர நிறத்தில் இருப்பதை ஒதுக்குகிறார்கள். நிறத்தை வெளுப்பாக்க ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைப் போடும் பழக்கத்துக்கு இந்த விருப்பமும் ஒரு காரணம். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை தந்த பெருமையுள்ள ஊரில், நிறம் மங்கிய சர்க்கரையைக் கேட்டு வாங்குவதே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

கிணறுகளைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கொங்குத் தோட்டங்களில் பாறையைக் குடைந்து வெட்டிய, அறுபது எழுபது அடி ஆழமுள்ள அகலக் கிணறுகள் பல, சுற்றுச்சுவர் இல்லாமல் தரைமட்டத்தோடு திறந்து கிடக்கின்றன. விளிம்பில் புல் வளர்ந்து மறைத்திருக்கும். தோட்டத்துக்குள் நுழைந்ததும் கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பிள்ளைகளின் கையை விட வேண்டும். நீச்சல் தெரிந்தவர்களும் சுவரில் நீட்டிய கற்படிகளில் இறங்கிக் குளிக்க முயல்வது வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் நீர் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை கடுமையானது. பிடித்து ஏற இடமில்லாத கரைகளும் உண்டு. கொடிவேரி தடுப்பணையில் நீர்வரத்து கூடும்போது குளிக்கத் தடை விதிப்பார்கள். அந்தத் தடையை மீறி ஓரமாக இறங்குவதற்கு நீண்ட தூரம் வந்துவிட்டோம் என்பது ஒரு காரணம் ஆகாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டு நிலங்களில், கிளுவை வேலி சூழ்ந்து, வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப் புல் வளர்ந்த கொறங்காடுகள் என்னும் மேய்ச்சல் நிலங்களைக் காணலாம். மாடுகளும் ஆடுகளும் அங்கே மேய்ப்பவர் இன்றித் தாமாக மேயும். வேலியின் வாயில் படலைத் திறந்து உள்ளே போனவர்கள் அதை அப்படியே விட்டுவிட்டால், கன்றுகள் சாலைக்கு வந்துவிடும். திறந்த படலைத் திறந்தவரே மூட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். கேட்காமல் காங்கேயம் காளையின் அருகே போவதும், பின்னால் நிற்பதும் கூடாது. ஒரு தோட்டத்து மாட்டைத் தொட்டுவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போகிறவர்கள் கையையும் காலணியையும் கழுவிக்கொள்ள வேண்டும். கோமாரி என்ற மாட்டு நோய் அவ்வாறும் பரவக்கூடியது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் வெளியாரை விடாததும் இதுபோன்ற நோய் அச்சத்தால்தான் என்பதால், அங்கே வற்புறுத்தாமல் திரும்பிவிட வேண்டும்.

தென்னந்தோப்பில் வெட்டு நடக்கும்போது மரத்தடியில் நிற்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். கள் இருக்கிறதா என்று கேட்பதைத் தவிர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குத் தடை இருப்பதால், கேள்வியே தோப்புக்காரரைச் சங்கடத்தில் ஆழ்த்தும். சோளத்தட்டுப் போர்மேல் பிள்ளைகளை ஏற்றி விளையாட விடுவதும் தவறு. போர் சரியும், அடியில் பாம்பும் இருக்கலாம்.

மாட்டுப் பொங்கலன்று மாலையில் பட்டிப் பொங்கலுக்கு அழைக்கப்பட்டால் அது பெரிய மரியாதை. மாடு கட்டும் கட்டுத்தரையில் சிறு தெப்பக்குளம் கட்டி, பூசை முடிந்து, மாட்டை அதைத் தாண்ட விடுவார்கள். செருப்பைக் கழற்றாமல் அங்கே நிற்பதும், படத்துக்காகத் தெப்பத்தின் எதிரே போய் மாட்டை மிரள வைப்பதும் அந்த வீட்டாரின் ஆண்டுச் சடங்கைக் கெடுத்துவிடும். களையெடுக்கும் பெண்களையும் நெல் தூற்றுவோரையும் கேட்காமல் படம் எடுப்பதும் இதே வகைத் தவறுதான்.

கடைசியாகப் பணம். வீட்டார் கொடுக்கும் மோருக்கும் இளநீருக்கும் காசு நீட்டினால் அவர்கள் மனம் புண்படும். குடித்துவிட்டு நன்றி சொல்லுங்கள். ஆனால் ஒரு மூட்டை நெல்லோ ஐந்து கிலோ மஞ்சளோ வாங்கும்போது, தோட்டத்தில் வாங்குகிறோம் என்பதற்காக ஏல விலைக்கும் கீழே பேரம் பேசுவது நியாயமற்றது. அன்றைய விலை நாளிதழில் வந்திருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு போய், அவர் சொல்லும் விலை அதற்கு நெருக்கமாக இருந்தால் கொடுத்துவிட்டு வாங்கி வரலாம். பையும் கையோடு கொண்டு போங்கள். வயலில் விட்டுவரும் பிளாஸ்டிக் உறையை மாடு தின்றுவிடும்.