தாய்லாந்து மே ஹாங் சோன் லூப் பைக்ல போகணுமா? முதல்ல பேப்பர் வேலைய முடிங்க

வெளிநாட்டுல பைக் ஓட்டணும்னு ஆசை இருக்கு, எங்க ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலன்னு கேக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்ற இடம் வட தாய்லாந்து. சியாங் மாய்ல கெளம்பி மே சாரியாங், மே ஹாங் சோன், பாய்னு மலைக்குள்ளயே சுத்திட்டு மறுபடி சியாங் மாய்க்கே வந்து சேர்ற ரூட், மொத்தம் 600 கிலோமீட்டர் சொச்சம், 1864 வளைவு இருக்குன்னு அந்த ஊர்க்காரங்க கணக்கு சொல்றாங்க. நம்ம ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்டணும், அதனால மூளைய மாத்திக்க வேண்டிய அவசியம் இல்ல. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவையும் பதட்டமில்லாம ஏறி இறங்குனவங்களுக்கு இந்த ரோடு கண்டிப்பா பழகிடும்.

ரூட்ட அப்புறம் பேசலாம், முதல்ல லைசென்ஸ். உங்க இந்திய லைசென்ஸ்ல கியர் பைக் வகுப்பு இருக்கணும், அத வச்சு ஆர்டிஓல ஐடிபி, அதாவது இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கணும், பரிவாகன் சைட்லயே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். கைக்கு வந்ததும் அங்கயே நின்னு பிரிச்சு பாருங்க, மோட்டார் சைக்கிளுக்கான 'ஏ' பிரிவுல சீல் இருக்கான்னு. கார் பிரிவுக்கு மட்டும் சீல் வாங்கிட்டு வந்தா பைக்குக்கு அது செல்லாது. இந்தியா குடுக்கறது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி உள்ள ஐடிபி, தாய்லாந்து அத ஏத்துக்கும். வியட்நாம் ஹா ஜியாங்கும் அழகான ரூட்டுதான், ஆனா அந்த நாடு 1968 வியன்னா ஒப்பந்தத்து ஐடிபியதான் ஏத்துக்கும், நம்மளோடது அங்க செல்லாது. நெறைய பேர் அது தெரியாமலே போய் ஓட்டிட்டு வர்றாங்க, முதல் ட்ரிப்புக்கு தாய்லாந்துன்னு நான் அடிச்சு சொல்றதுக்கு இது பெரிய காரணம்.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா, இந்த ஒரு சீல்லதான் உங்க டிராவல் இன்சூரன்ஸே தொங்கிட்டு இருக்கு. அந்த நாட்டுல செல்லுபடியாகற லைசென்ஸ் இல்லாம ஓட்டி விழுந்தா பாலிசி பணம் தராது, ஹெல்மெட் போடலன்னாலும் அதே கதிதான், சில பாலிசில 125 சிசிக்கு மேல போனாலே கவர் கிடையாது, சிலதுல டூவீலரே கிடையாது. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த வரிய தேடி படிங்க, புரியலன்னா மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்கி வச்சுக்கோங்க. ரென்ட் பைக்கோட வர்ற கட்டாய இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரி செலவுக்கு சின்ன தொகைதான் தரும், பைக் அடிபட்டா அதுல ஒரு பைசா வராது.

எப்ப போகலாம்? நவம்பர்ல இருந்து ஜனவரி முடியறதுக்குள்ள. பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் காட்டையும் வயலையும் எரிப்பாங்க, மலை பூரா புகை, எதிர் மலையே தெரியாது, கண்ணும் எரியும். அதுக்கப்புறம் அக்டோபர் வரை மழை. டிசம்பர்ல காலையில நல்லா குளிரும், வழியில இருக்கற தாய்லாந்தோட உயரமான மலை தோய் இந்தனோன், உச்சி 2565 மீட்டர், நம்ம தொட்டபெட்டாவுக்கு கொஞ்சம்தான் கம்மி, அதனால ஜாக்கெட்டும் கிளவுஸும் இங்கருந்தே எடுத்துட்டு போங்க. ஹெல்மெட்டும் உங்களோடதே இருந்தா ரொம்ப நல்லது, கடையில குடுக்கற ஹெல்மெட் பாதி தலையில ஆடும். தாய்லாந்துல போய் இறங்கறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள டிஜிட்டல் அரைவல் கார்ட் ஆன்லைன்ல ஃபில் பண்ணிடுங்க, 2025 மே மாசத்துல இருந்து அது கட்டாயம்.

பைக் எடுக்கறப்ப பாஸ்போர்ட்ட டெபாசிட்டா குடுக்காதீங்க, காப்பியும் பணமும் வாங்கிக்கற கடையா பாருங்க. 125 சிசி ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 200, 300 பாட் (தாய்லாந்து பணம்) வாடகைக்கு கெடைக்கும், தனியா போறவங்களுக்கு அதுவே போதும், பின்னாடி ஆள் உக்காந்து லக்கேஜும் இருந்தா ஏத்தத்துல மூச்சு வாங்கும், அப்ப 300 சிசிக்கு மேல எடுங்க. டயர் பட்டன் தேஞ்சிருக்கா, முன் பிரேக் லீவர் கைப்பிடி வரைக்கும் இறங்குதா, செயின் தொங்குதான்னு குனிஞ்சு பாத்துட்டு, கடைக்காரர் பக்கத்துல நிக்கறப்பவே பைக்க ஒரு சுத்து சுத்தி வீடியோ எடுங்க, சைலன்சர் அடிப்பக்கம், கண்ணாடி பின்பக்கம் உட்பட. என்கிட்ட ஒரு கடையில பழைய கீறலுக்கு காசு கேட்டாங்க, வீடியோவ காமிச்சதும் டெபாசிட்ட எண்ணி குடுத்துட்டாங்க.

முதல் நாளே லூப்புக்கு போகாதீங்க. சியாங் மாய்க்கு பக்கத்துலயே சமோங்னு ஒரு ஊர் வழியா 100 கிலோமீட்டர் சுத்து இருக்கு, அதுல ஓட்டி பைக்க பழகிட்டு மறுநாள் கெளம்புங்க. நெறைய பேர் பாய் வழியா ஆரம்பிப்பாங்க, எனக்கு பிடிச்சது தெற்கால போறது. 108ம் நம்பர் ரோட்டுல சோம் தோங், ஹோட் தாண்டி மே சாரியாங், கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர், வளைவெல்லாம் அகலமா இருக்கும், கை பழகிடும், வழியில ஓப் லுவாங் பள்ளத்தாக்குல நின்னு ஒரு காபி குடிக்கலாம். அடுத்த நாள் மே ஹாங் சோன், அங்க ரெண்டு ராத்திரி தங்குங்க. சாயங்காலம் சோங் கம் கோயில் விளக்கெல்லாம் குளத்து தண்ணில விழும், அத பாக்காம வராதீங்க. நடுவுல ஒரு நாள் பான் ரக் தாய் போய்ட்டு வாங்க, யுன்னான்ல இருந்து வந்து குடியேறின சீனக்காரங்க கிராமம், டீத் தோட்டம், மண் சுவர் வீடு, பர்மா எல்லை கூப்பிடு தூரம்.

அப்புறம் 1095ம் நம்பர் ரோட்டுல பாய், அங்கருந்து சியாங் மாய். பாய்ல இருந்து சியாங் மாய் 130 கிலோமீட்டர்தான், ஆனா அதுக்குள்ள 762 வளைவு, டூரிஸ்ட் வேன்காரங்க வளைவுல நம்ம பக்கமே ஏறி வருவாங்க. காலையில 7 மணிக்கே கெளம்பிடுங்க, வளைவுல இடது ஓரத்தையே பிடிச்சு போங்க. தேக்கு மரம் உள்ள எடத்துல எல கைவிரிச்ச அகலத்துக்கு ரோட்டுல கெடக்கும், அடியில பனி ஈரம் இருக்கறது மேல தெரியாது. நான் அது மேல ஏறி முன் பிரேக்க தொட்டேன், அவ்ளோதான், சக்கரம் வழுக்கி முட்டி தேஞ்சுச்சு, பேண்ட்டுக்குள்ள பேட் போட்டிருந்ததால தோலோட போச்சு. எலையப் பாத்தா வேகத்த முன்னாடியே கொறைங்க, அது மேல போறப்ப பிரேக்க தொடவே தொடாதீங்க.

டேங்க் பாதி ஆனதுமே பங்க்ல நிறுத்துங்க, "தெம் தங்"னு சொன்னா ஃபுல் பண்ணிடுவாங்க. ஆம்புலன்ஸ் 1669, டூரிஸ்ட் போலீஸ் 1155, ரெண்டையும் போன்ல மட்டும் வைக்காம ஒரு பேப்பர்ல எழுதி பாக்கெட்ல வைங்க, விழுந்தா முதல்ல ஒடையறது போன்தான். பைக்க இருட்டறதுக்குள்ள திருப்பி விடுங்க, விடறப்பவும் கடைக்காரர் முன்னாடியே இன்னொரு வீடியோ எடுத்துடுங்க.