டயோனிசஸ் வழிபாட்டைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கரின் மதுத் தெய்வமான டயோனிசஸ் என்றதும் குடியும் கும்மாளமும்தான் என்று எழுதிவிடுகிறோம். இந்தச் சித்திரத்தில் பாதி ரோமிலிருந்து வந்தது. கி.மு. 186இல் ரோம ஆட்சிமன்றம் பாக்கனாலியா என்ற, டயோனிசஸுக்கான ரோம வழிபாட்டை ஒடுக்கியது. அதன்மீது சுமத்தப்பட்ட இரவுக் களியாட்டம், சதி முதலான குற்றங்களை ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதி வைத்தார். அதைக் கிரேக்க விழாக்களுக்குச் சான்றாகக் காட்டக் கூடாது.

அடுத்த தவறு, நாடகத்தை நடைமுறையாக எடுத்துக்கொள்வது. யூரிப்பிடிஸின் ‘பாக்கே’ நாடகத்தில் ஆவேசம் கொண்ட பெண்கள் மன்னன் பெந்தியஸைக் கிழித்தெறிகிறார்கள். உண்மையில் மலையேறி வழிபட்ட பெண்களோ முறையான குழுக்களாகச் சென்றவர்கள். டெல்ஃபியின் தையாடுகள் எனப்பட்ட டயோனிசஸ் பக்தைகள் ஓராண்டு விட்டு ஓராண்டு, குளிர்காலத்தில் பர்னாசஸ் மலைக்குப் போனார்கள். டெல்ஃபியில் பூசாரியாக இருந்த புளூடார்க் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். போர்க்காலத்தில் ஓர் இரவு, வழிதவறிய தையாடுகள் அம்ஃபிசா ஊர்ச் சந்தைவெளியில் களைத்து விழுந்து உறங்கிவிட்டார்கள். ஊரில் படைவீரர்கள் நிறைந்திருந்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஓடிவந்து, உறங்கியவர்களைச் சுற்றி ஓசையின்றி நின்று காத்தார்கள். விழித்ததும் உணவு கொடுத்து, எல்லை வரை கொண்டுபோய் விட்டார்கள். இந்த வழிபாட்டின் மீது சாதாரண மக்களுக்கு இருந்த மரியாதையைக் காட்ட, எனக்கு இதைவிடச் சிறந்த சான்று தெரியாது.

மது விழா என்றால் மகிழ்ச்சி மட்டும்தான் என்ற எண்ணமும் பிழையானது. ஏதென்ஸின் அந்தெஸ்தீரியா வசந்தத் தொடக்கத்தில் 3 நாள் நடக்கும். முதல் நாள் புது மதுத் தாழிகளைத் திறந்து தெய்வத்துக்குப் படைப்பார்கள். இரண்டாம் நாள் ஆளுக்கொரு சாடியோடு, பேசாமல் குடிக்க வேண்டும். தாயைக் கொன்ற பழியோடு வந்த ஒரெஸ்டிஸை விரட்டவும் மனமில்லாமல், மற்றவர்களோடு ஒரே கலத்தில் குடிக்கவிடவும் முடியாமல் ஏதென்ஸ் அரசர் செய்த ஏற்பாடு அது என்பது கதை. மூன்றாம் நாள் இறந்தோருக்குரியது. தானியங்களை ஒரே பானையில் வேகவைத்து, பாதாள வழிகாட்டியான ஹெர்மீஸுக்குப் படைத்தார்கள்.

டயோனிசஸ் கிழக்கிலிருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்த அந்நியத் தெய்வம் என்று பழைய நூல்கள் சொல்லும். அதை இன்று திருப்பிச் சொல்லாதீர்கள். கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லீனியர் பி என்ற பழங்கிரேக்க எழுத்துமுறையிலான களிமண் பலகைகளிலேயே அவர் பெயர் இருக்கிறது. கிரீட்டின் கானியாவில் கிடைத்த பலகை, ஜீயஸுக்கும் அவருக்கும் தேன் படைத்ததைக் குறிக்கிறது. தூரத்திலிருந்து வருபவராக அவரைக் காட்டுவது புராணத்தின் போக்கு. அதை வரலாறாக்கியது பிற்கால ஆய்வாளர்கள்தான்.

ஏதென்ஸில் டயோனிசஸுக்கு எடுத்த நகர டயோனிசியா விழாவை வெறும் நாடகப் போட்டியாகச் சுருக்குவதும் தவறு. ஊர்வலம், பலி, 10 குலங்களின் பாடற்குழுக்கள், போரில் தந்தையை இழந்த பிள்ளைகளின் அணிவகுப்பு எல்லாம் சேர்ந்ததே அந்த விழா. விழா முடிந்ததும் அதே அரங்கில் மக்கள் அவை கூடி, விழாவில் நடந்த முறைகேடுகளை விசாரிக்கும். கி.மு. 348இல் தன் குலத்தின் பாடற்குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்த பேச்சாளர் டெமாஸ்தனிஸை, அவருடைய பகைவர் மெய்டியஸ் அரங்கிலேயே முகத்தில் அறைந்தார். அது தனிப்பட்ட சண்டையன்று, தெய்வத்துக்குச் செய்த குற்றம் என்று டெமாஸ்தனிஸ் முறையிட, அவை மெய்டியஸுக்கு எதிராக வாக்களித்தது.