எய்லரான் இடுக்கை அடைப்பது எப்படி? சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியுள்ள ஒரு தகரக் கொட்டகையில், நானும் என் அத்தை மகனும் இருவர் அமரும் சிறு விமானம் ஒன்றின் இறக்கைகளைக் கட்டி வருகிறோம். இறக்கையின் பின்னோரத்தில் மேலும் கீழும் அசைந்து விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பலகையான எய்லரானை முதன்முதலாக மாட்டிய அன்று இரவு, விளக்கை அணைத்துவிட்டு இறக்கைக்கு அடியில் டார்ச் அடித்தபோது, இறக்கைக்கும் எய்லரானுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு முழு நீளத்துக்கும் ஓடியது. பெரும்பாலான இடங்களில் அதன் அகலம் 5 மில்லிமீட்டர். கீல்களை ஒட்டி 8 மில்லிமீட்டர். அந்த இடுக்கை எப்படி அடைப்பது என்பதே இந்தக் கட்டுரை. நீங்களும் சோதனையை டார்ச்சிலிருந்தே தொடங்குங்கள். ஊதுவத்திப் புகையை வைத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டோப் என்னும் விறைப்பூச்சு பூசிய இறக்கைத் துணிக்கும் தின்னர் டப்பாவுக்கும் பக்கத்தில் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம்.

இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. இடுக்கு திறந்திருந்தால் கீழுள்ள காற்று அதன் வழியே மேலே பீறிட்டு, மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்றோட்டத்தைக் கலைக்கிறது. அதனால் தூக்குவிசை குறைகிறது, பின்னுக்கு இழுக்கும் விசை கூடுகிறது; ஓட்டுபவர் கையிலுள்ள ஸ்டிக்கை எவ்வளவு சாய்த்தாலும் விமானம் பக்கவாட்டில் சோம்பலாகவே சாய்கிறது. எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் விமானங்களை ஓட்டுபவர்கள் இதை வெகுகாலமாக அறிந்திருப்பதால், அவர்களுடைய இறக்கைகளில் மைலார் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள் ஒட்டப்பட்டிருப்பதைக் காணலாம்.

ஆனால் எல்லா இடுக்கையும் அடைத்துவிடக் கூடாது. மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட இறக்கையின் பின்னோரத்தில் இறக்கப்படும் பலகைகள் ஃபிளாப்புகள்; அவற்றில் இடுக்கு வைத்த (ஸ்லாட்டட்) வகையில் அந்த இடுக்கு வேண்டுமென்றே விடப்பட்டது; அதன் வழியே வரும் காற்றுதான் ஃபிளாப்பின் மேற்பரப்பில் காற்றோட்டம் பிரிந்துவிடாமல் காக்கிறது. கிரிஸ் ஹெய்ன்ட்ஸ் வடிவமைத்த சி.எச். 701 போன்ற விமானங்களில் இறக்கைக்குப் பின்னால் தனியாகத் தொங்கும், ஃபிளாப்பாகவும் எய்லரானாகவும் வேலை செய்யும் ஃபிளாப்பரான்களும் இந்த வகைதான். ஃப்ரைஸ் வகை எய்லரானிலோ, எய்லரான் மேலே எழும்போது அதன் முன்விளிம்பு இறக்கைக்குக் கீழே நீட்டிக்கொண்டு, விமானத்தின் மூக்கு தவறான பக்கம் திரும்புவதைக் குறைக்கிறது; அந்த அசைவுக்குப் பட்டை இடையூறாகக் கூடாது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து, உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வடிவமைத்தவரிடம் எழுதிக் கேளுங்கள். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் அனுமதிக்காகக் கொடுத்த ஆவணங்களில் இல்லாத எந்த மாற்றமும் உங்கள் கோப்பில் பதிவாக வேண்டும். 1910-இல் சென்னைத் தீவுத்திடலில் ஹோட்டல்காரர் டி'ஏஞ்சலிஸ் தன் விமானத்தைப் பறக்கவிட்டபோது இந்தத் தொல்லையெல்லாம் அவருக்கு இருந்திருக்காது. நமக்கு இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். தேவையான பொருள்கள் குறைவு: வளைந்த வடிவில் கிடைக்கும் மைலார் பட்டை, அதை ஒட்ட மெல்லிய இருபக்க டேப், உராய்வைக் குறைக்க டெஃப்லான் டேப், பட்டையின் முன்னோரத்தை மூட மெல்லிய வெள்ளை டேப், ஐசோப்ரோபைல் ஆல்கஹால், பஞ்சு உதிராத துணி. துணியும் ஆல்கஹாலும் பாரிமுனைப் பக்கத்திலேயே கிடைத்துவிடும். மைலாரையும் டேப்பையும் கிளைடர் உதிரிப்பொருள் விற்பவர்களிடம் வரவழைப்பதே நல்லது. கருப்பு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நெருங்கவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, டேப் தானாக நகர்ந்துவிடும்.

முதல் படி, எதையும் ஒட்டுவதற்கு முன் அளந்து எழுதி வைப்பது. எய்லரானின் பின்விளிம்பில் ஒரு நூலைக் கட்டி, காசிமேட்டில் மீன் நிறுக்கும் கொக்கித் தராசு போன்ற ஒரு சிறு தராசை அதில் மாட்டி மெல்ல இழுத்து, அது நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எய்லரானைக் கழற்றி, கீல் அச்சில் தாங்கி, அதன் சமநிலையையும் பார்த்து எழுதுங்கள். கீலுக்குப் பின்னால் கூடும் ஒவ்வொரு கிராமும் சமநிலையைப் பின்னோக்கி இழுக்கும். அது எல்லை மீறினால் வேகத்தில் எய்லரான் படபடத்து நடுங்கும் ஃபிளட்டருக்கு வழிகோலும். பட்டையை எப்போதும் அசையாத பகுதியான இறக்கையில் ஒட்டி, எய்லரானில் மெல்லிய டெஃப்லான் டேப்பை மட்டும் ஒட்டுவது இதனால்தான்.

இரண்டாம் படி சுத்தம். கடலோரத்தில் இதற்குத்தான் அதிக நேரம் போகும். மத்தியானம் கடற்காற்று இறங்கிவிட்டால், காலையில் துடைத்த தகட்டின் மேலும் மெல்லிய உப்புப் படலம் வந்து உட்கார்ந்துவிடும்; அதன்மேல் ஒட்டிய டேப் சில நாளில் ஓரத்திலிருந்து எழும். எனவே விடிந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்து, உலரவிட்டு, பின்பு ஆல்கஹாலால் ஒரே திசையில் துடைத்து, காற்று திரும்புவதற்குள் ஒட்டி முடித்துவிடுங்கள். அசிட்டோன் பெயின்டைத் தின்றுவிடும், வேண்டாம். நெற்றி வியர்வை தகட்டில் சொட்டினால் அந்த இடத்தை மறுபடி துடைக்க வேண்டும். தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் வேலை மிச்சம்.

மூன்றாம் படி, பட்டையின் அகலத்தை முடிவுசெய்வது. இங்கேதான் நான் தவறு செய்தேன். இடுக்கை மூடினால் போதும் என்று நினைத்து, பட்டையைக் குறுகலாக வெட்டி ஒட்டினேன். எய்லரானை மெல்ல மேலும் கீழும் அசைத்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. முழுக்கக் கீழே இறக்கியபோது, பட்டையின் நுனி எய்லரானின் முன்விளிம்பைத் தாண்டி இடுக்குக்குள் விழுந்தது. மேலே திருப்ப முயன்றபோது அந்த நுனி மடிந்து, ஆப்பு வைத்ததுபோல் எய்லரானை அப்படியே நிறுத்திவிட்டது. ஸ்டிக்கைப் பிடித்திருந்த அத்தை மகன், "அசைய மாட்டேங்குதுடா" என்றான். தரையில் என்பதால் சிரித்துக்கொண்டே சொன்னான். காற்று புகும் இடுக்கோடு விமானம் பத்திரமாகப் பறக்கும். சிக்கிக்கொண்ட எய்லரானோடு பறக்காது.

எனவே எய்லரானை முழுக்கக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு அளவெடுங்கள். அந்த நிலையிலும் பட்டையின் நுனி எய்லரான் பரப்பின்மீது தாராளமாகப் படிந்திருக்க வேண்டும். பட்டையின் வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால், எய்லரான் விலகும்போதும் நுனி அதைத் தொட்டுக்கொண்டே இருக்கும்.

நான்காம் படி ஒட்டுவது. முதலில் எய்லரானில், நுனி உரசும் இடத்தில், டெஃப்லான் டேப்பை ஒட்டுங்கள். பிறகு இறக்கையில் பென்சிலால் ஒரு நேர்கோடு போட்டு, இருபக்க டேப்பின் உறையை ஒரு சாண் அளவுக்கு மட்டும் உரித்து, பட்டையைக் கோட்டில் பொருத்தி, துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் அழுத்திக்கொண்டே நகருங்கள். முழு உறையையும் ஒரேயடியாக உரித்தால் பட்டை கோணிக்கொள்ளும், எடுத்து மறுபடி ஒட்டினால் பசையின் பிடி பாதிதான். கீல் வரும் இடங்களில் பட்டையை வெட்டி இடம் விடுங்கள். மூலைகளைக் கத்தரியால் வட்டமாக்குங்கள், கூரான மூலையிலிருந்துதான் பட்டை உரியத் தொடங்கும். கடைசியாக, பட்டையின் முன்னோரத்தின்மேல் வெள்ளை டேப்பை, பாதி இறக்கையிலும் பாதி பட்டையிலுமாக ஒட்டி, எதிர்க்காற்று நுழைய வாய் இல்லாமல் மூடிவிடுங்கள்.

கீல் மேற்பரப்பிலேயே இருக்கும் எய்லரானுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. கீல் கோட்டின்மீது நெகிழும் டேப் ஒன்றை ஒட்டினால் போதும். எய்லரானை முழுக்கக் கீழே இறக்கி வைத்து ஒட்டுங்கள். நேராக வைத்து ஒட்டினால், கீழே இறங்கும்போது டேப் விறைத்து இழுக்கும்.

இரண்டு இறக்கைகளையும் ஒரே நாளில், ஒரே அளவில் முடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடைத்த விமானம் ஒரு பக்கமாகவே சாயப் பார்க்கும். பிறகு ஸ்டிக்கை முழு எல்லைவரை இரு பக்கமும் இருபது முறையாவது சாய்த்து, ஒருவர் இறக்கையருகே நின்று நுனியைக் கவனிக்க வேண்டும். தராசால் மறுபடி இழுத்துப் பாருங்கள். முன்பு எழுதிய எண்ணைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் எங்கோ உரசுகிறது என்று பொருள். சமநிலையையும் மறுபடி பாருங்கள்.

இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்து இடுக்கு எளிது, அங்கே எதுவும் அசைவதில்லை. மெல்லிய ரப்பர் பட்டையோ அகலமான வெள்ளை டேப்போ போதும். இறக்கையைப் பிடித்திருக்கும் பின்களையும் பூட்டுகளையும் சரிபார்த்த பிறகே மூடுங்கள். அடிப்பக்கத்து வடிகால் துளைகளை மறைத்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் உள்ளே தேங்கும் தண்ணீர் இறக்கையின் எடையையும் சமநிலையையும் மாற்றுவதோடு, உப்போடு சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும்.

ஒவ்வொரு முறை விமானத்தை வெளியே எடுக்கும்போதும் பட்டையின் முன்னோரத்தை நகத்தால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது சிக்கினால் அந்த இடத்தில் புது டேப்பை மேலே ஒட்டிச் சமாளிக்காமல், அந்தப் பட்டை முழுவதையும் உரித்தெடுத்து, இரண்டாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள்.