பழைய உருவப்படத்துக்குப் பெயர் வைக்கும் அவசரம்

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகர அருங்காட்சியகத்தில் ஓர் உருவப்படம் இருக்கிறது. சிவப்புக் கோட்டும் கழுத்தில் வெள்ளைத் துணியும் அணிந்த ஒரு கறுப்பின மனிதர். அடிமையாக விற்கப்பட்டு, விடுதலை பெற்று, 1789-இல் தன் கதையைத் தானே எழுதி வெளியிட்ட ஒலாவுடா எக்வியானோதான் இவர் என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அவரைப் பற்றிய புத்தகங்களின் அட்டையிலும் இந்த முகமே ஏறியது. வரைந்தவர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் என்றும் நம்பினார்கள்.

வயதுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இடிக்கிறது. உடையும் தீட்டிய விதமும் 1750-களின் கடைசியைக் காட்டுகின்றன. எக்வியானோ பிறந்ததோ 1745 வாக்கில். அப்போது அவர் மீசை முளைக்காத பையன், ஒரு கடற்படை அதிகாரியின் அடிமை. படத்தில் இருப்பவர் நன்றாக உடுத்திய, வளர்ந்த ஆள். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கில் வாழ்ந்தார்கள். நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். தெரிந்த பெயரைத் தெரியாத முகத்தில் ஒட்டிவிடுவதுதான் பழைய படத்தில் இருப்பவரை அடையாளம் காணும் வேலையில் முதல் தவறு. முதலில் படத்தின் காலத்தைக் கணியுங்கள், பிறகு ஆளைத் தேடுங்கள்.

வரைந்தவர் ஆலன் ராம்சே, படத்தில் இருப்பவர் லண்டனில் வாழ்ந்த கறுப்பின எழுத்தாளர் இக்னேஷியஸ் சாஞ்சோவாக இருக்கலாம் என்பது பின்னால் வந்த கருத்து. சாஞ்சோ பிறந்தது 1729 வாக்கில் என்பதால் வயது ஒத்துப்போகிறது. 1768-இல் கெயின்ஸ்பரோ வரைந்த அவருடைய படம் ஒட்டாவாவில் இருப்பதால் ஒப்பிட ஒரு முகமும் கிடைக்கிறது. ஆனாலும் அந்த ‘இருக்கலாம்’ அங்கேயே இருக்கட்டும். ஜாடை மட்டும் சாட்சியாகாது. பணம் கொடுத்து வரையச் சொன்னவரின் மூக்கை ஓவியர் கொஞ்சம் திருத்தித்தான் தந்திருப்பார்.

உடையை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். ராம்சே, ஹட்சன் போன்ற ஓவியர்கள் முகத்தைத் தீட்டிவிட்டு, உடையை ஜோசப் வான் ஏக்கன் என்ற ஒரே ஆளிடம் விட்டார்கள். அதனால் ஒரே கவுன், ஒரே கை நிலை, வெவ்வேறு பெண்களின் படங்களில் வரும். அது அவர்கள் வீட்டு உடை என்று எடுத்துக்கொண்டு குடும்பத்தைத் தேடிப் போனால் வழி தப்பிவிடும். வேஷ உடையும் உண்டு: 1770-இல் காட்சிக்கு வந்த கெயின்ஸ்பரோவின் ‘நீலச் சிறுவன்’ உடுத்தியிருப்பது நூறு ஆண்டுக்கும் மேல் பழைய, வான் டைக் என்ற ஓவியரின் காலத்துப் பாணி.

அந்தச் சிறுவன் யார் என்பதிலும் தகராறுதான். ஜோனதன் பட்டால் என்ற இரும்புச் சாமான் வியாபாரியிடம் அந்தப் படம் இருந்தது. அதனால் சிறுவனும் அவரே என்று ஆகிவிட்டது. ஓவியரின் சகோதரி மகன் கெயின்ஸ்பரோ டூபான்ட் என்று இன்று வாதிடுகிறார்கள். படம் யாரிடம் இருந்தது என்பது ஒரு துப்பு மட்டுமே.

படத்தின் மரச்சட்டத்தில் பதித்த பெயர்ப் பலகையும் அப்படித்தான். பேரன் காலத்தில் யாரோ அடித்ததாக இருக்கலாம். பட்டங்களைக் கவனித்தால் பொய் பிடிபடும். நீதிபதி வில்லியம் மரே 1756-இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஆனார். அதைவிட உயர்ந்த ‘ஏர்ல்’ பட்டம் 1776-இல்தான் வந்தது. அவருடைய 1740-களின் படத்தில் ‘ஏர்ல்’ என்று எழுதியிருந்தால் அந்த எழுத்து பின்னால் வந்தது. அவர் வீட்டில் வளர்ந்த டைடோ பெல் உறவுப்பெண் எலிசபெத்தோடு நிற்கும் படத்தில், டைடோவை வெறும் பணிப்பெண் என்றே வெகுகாலம் குறித்துவைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் கறுப்பினப் பெண் வேலைக்காரியாகத்தான் இருப்பாள் என்று பட்டியல் எழுதியவர் முடிவுகட்டிவிட்டார்.

கடைசியாக, படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்க மரச்சட்டத்தில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் அச்சுத் தகட்டால் இட்ட எண் இருந்தால், அது எந்த ஏலத்தில், என்ன பெயரில் விற்றது என்று அவர்களுடைய பதிவேட்டில் தேடலாம். பழுதுபார்க்கும்போது பின்னால் புதுத் துணி ஒட்டினால் கித்தானில் இருந்த எழுத்து மறைந்துபோகும். அதற்கு முன்பே போட்டோ எடுத்துவிடுங்கள்.