பனியில் நிற்கும் காரைப் படமெடுத்துப் பகிர்வது எப்படி?

வாசலில் நிற்கும் பழைய டொயோட்டா கொரோல்லாவை யார் படமெடுப்பார்கள் என்று கேட்பீர்கள். நீங்கள்தான் எடுக்க வேண்டும். கண்காட்சிக் கார்களுக்குப் படங்கள் ஏராளம். கனடாவின் குளிர்காலத்தில் சாதாரண மக்கள் ஓட்டும் கார் எந்தக் கோலத்தில் இருக்கும் என்பதை, அதை ஓட்டுகிறவர்கள் எடுத்த படங்கள்தான் காட்டும். கையில் இருக்கும் போனே போதும்.

முதல் படி: நேரம்

டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் மாலை 4.45 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். நண்பகலில்கூட வெயில் சாய்வாகத்தான் விழும். அது நல்லதுதான், பனியின் மேடு பள்ளம் அப்போதுதான் தெரியும். மேகமூட்டமாக இருந்தால் எல்லாமே தட்டையாகத் தெரியும், அன்று சிவப்புக் காரோ கறுப்புக் காரோ பார்த்து எடுங்கள். பனி நின்றதும் கிளம்பிவிடுங்கள். தெருவைச் சுத்தம் செய்யும் வண்டி வந்து போய்விட்டால் ஓரமெல்லாம் சேறும் உப்புமாகிவிடும்.

இரண்டாவது படி: பனியை வெள்ளையாக்குவது

பலருக்கும் படம் கெடுவது இங்கேதான். கண்ணுக்குப் பளீரென்று தெரிந்த பனி, படத்தில் அழுக்குச் சாம்பலாக வந்திருக்கும். எதிரே இருக்கும் காட்சி நடுத்தர வெளிச்சம் கொண்டது என்ற கணக்கில்தான் கேமரா வேலை செய்கிறது. திரை முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் கூடிப்போனதாக நினைத்து அதைக் குறைத்துவிடும். இப்போதைய போன்கள் ஓரளவு சமாளிக்கின்றன, ஆனாலும் நாம் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும்.

ஐபோனில் திரையில் காரின் மேல் தொடுங்கள். பக்கத்தில் ஒரு சூரியன் குறி வரும். விரலால் அதை மெல்ல மேலே தள்ளுங்கள். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதுபோல ஒரு கோடு வரும். தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 முதல் +1.7 வரை ஏற்றிப் பாருங்கள். பனியில் இருக்கும் மணல்மணலான தன்மை மறைந்து வெறும் வெள்ளையாகிவிட்டால் ஏற்றியது அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

நிழல் நீலமாக விழுந்தால் பயப்பட வேண்டாம். வெயில் படாத பனிக்கு வானம்தான் வெளிச்சம் தருகிறது, அதன் நிறம் வரத்தான் செய்யும். அந்த நீலத்தை முழுக்கத் துடைத்தால் குளிரே போய்விடும் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது படி: கோணம்

ஹெட்லைட் உயரத்துக்குக் குனியுங்கள். மிகப் பக்கத்தில் போனால் பம்பர் உப்பிக்கொண்டு தெரியும். சில அடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கதவில் உங்கள் உருவம் தெரிந்தால் கொஞ்சம் சாய்வாக நில்லுங்கள்.

அப்புறம், முழுக் காரோடு நிறுத்திவிடாதீர்கள். பனி வருமுன் தூக்கி நிறுத்திவைத்த வைப்பர்கள், கதவின் கீழே வெள்ளைக் கோடாகக் காய்ந்த சாலை உப்பு, கண்ணாடியில் இறகு இறகாகப் படர்ந்த உறைபனி எல்லாமே படம்தான். கடுங்குளிர் ஊர்களான வினிபெக், எட்மண்டன் பக்கம் என்றால், எஞ்சினைச் சூடாக்கும் கம்பியின் பிளக் முன் கிரில்லுக்கு வெளியே தொங்கும். அதைத் தவறவிடாதீர்கள்.

நான்காவது படி: குளிர்

கடுங்குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். எடுக்காத நேரத்தில் போனை உட்சட்டைப் பையில் வையுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் பையில் போட்டு மூடிவிடுங்கள். சூடேறும்வரை திறக்காதீர்கள், இல்லையென்றால் லென்ஸில் நீர் பூக்கும்.

ஐந்தாவது படி: பகிர்வதற்கு முன்

நம்பர் பிளேட்டை மறைப்பது அவசியம், அடுத்தவர் கார் என்றால் இன்னும் அவசியம். போனில் படத்தைத் திருத்தும்போது வரும் ஹைலைட்டர் பேனாவால் கிறுக்கினால் போதாது, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் தெரிந்துவிடலாம். முழு நிறக் கட்டம் ஒன்றை வைத்து மூடுங்கள். கியூபெக் மாகாணத்தில் பின்பக்கம் மட்டும்தான் பிளேட் இருக்கும், முன்பக்கமாக எடுத்தால் இந்த வேலையே இல்லை. பின்னால் வீட்டு எண் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

படத்துக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். ஐபோனில் பகிரும்போது மேலே வரும் ஆப்ஷன்ஸைத் திறந்து லொகேஷனை அணைத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரம் போகாது. டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

கடைசியாகப் படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். காரின் மாடல், வருடம், ஊர், அன்றைய வெப்பநிலை, எத்தனை வருடமாக ஓட்டுகிறீர்கள் என்பது. அதே கார் வாங்க யோசிப்பவர் கீழே கேள்வி கேட்பார், பதில் சொல்லுங்கள்.