விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொத்தானை அழுத்தியதும் கணினிப் பெட்டியில் விளக்கு எரிகிறது, விசிறியும் சுற்றுகிறது, ஆனால் மானிட்டரில் ஒன்றுமே தெரிவதில்லை. இந்த நிலையில் பலரும் செய்யும் முதல் தவறு, விசிறிச் சத்தத்தை நம்பி ‘மின்சாரத்தில் கோளாறு இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவதுதான். விசிறி சுற்ற 12 வோல்ட் வந்தால் போதும். கணினியின் மூளையான செயலி (புராசஸர்) விழித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா உறுப்புகளும் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் செயலிக்கென்று தனியாகச் செருகப்படும் 4 அல்லது 8 முள் மின்கம்பி கழன்றிருந்தாலும் பெரும்பாலும் விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்த தவறு, விண்டோஸ் கெட்டுவிட்டது என்று எண்ணி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுவது. ஹார்ட் டிஸ்க்கே இல்லாத கணினியும், மற்றவை சரியாக இருந்தால், மதர்போர்டின் முத்திரையையோ ஒரு பிழைச் செய்தியையோ காட்டும். அதுகூட வரவில்லை என்றால் ஃபார்மட் செய்வது வீண்வேலை. கோப்புகள் போனதுதான் மிச்சமாகும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து அண்ணன் ஒருவர், தீபாவளிக்கு வீடு கழுவிய மறுநாள், “தம்பி, போர்டு போயிருச்சுப்பா, ஈப்போவுக்குக் கொண்டுபோகணும்” என்று மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். பெட்டியில், திரைக்குப் படத்தை அனுப்பும் தனி கிராபிக் கார்டு இருந்தது. “ஒயரை எங்கே மாட்டினீர்கள், அண்ணே?” என்று கேட்டதும், மேலே மதர்போர்டில் இருந்த, மானிட்டர் ஒயருக்கான எச்.டி.எம்.ஐ. துளையைக் காட்டினார். கீழே கார்டில் இருந்த துளைக்கு மாற்றியதும் படம் வந்துவிட்டது. பெயரின் இறுதியில் ‘எஃப்’ எழுத்துள்ள இன்டெல் செயலிகளில் தாமே படம் காட்டும் உள்கிராபிக்ஸ் கிடையாது என்பதால், அத்தகைய கணினியில் அந்த மேல்துளை எப்போதுமே ஊமைதான். மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்ற எழுத்தாவது தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது என்று பொருள். அப்போது ஒயரையும், மானிட்டரில் தேர்ந்தெடுத்துள்ள உள்ளீட்டையும் பார்க்காமல் பெட்டியைத் திறக்கக் கூடாது.

தற்காலிக நினைவகமான ரேம் விஷயத்தில்தான் அவசரம் அதிகம். செம்பனைக் காட்டு ஈரக்காற்றில் அதன் பொன்னிற முனைகள் மங்குவது உண்டு என்றாலும், பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தித் தேய்ப்பதை நான் ஏற்பதில்லை: துகள் துளைக்குள் விழும், மெல்லிய பூச்சும் தேயும். மின்கம்பியைப் பிடுங்கி, பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வடித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒரே ஒரு ரேமை மட்டும், பூட்டு ‘டிக்’ என்று விழும்வரை அழுத்திச் செருகிப் பார்க்க வேண்டும். நான்கு துளைகள் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் செயலியிலிருந்து இரண்டாவது துளையே ஒற்றை ரேமுக்கு உரியது. டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேமை முதன்முறையாகப் பொருத்தியவர் அரை நிமிடத்தில் பொறுமையிழந்து அணைத்துவிடுகிறார். அந்த ரேமைப் பழகிக்கொள்ளச் சில போர்டுகளுக்குப் பல நிமிடங்கள்கூட ஆகும்.

மாலை இடிக்குப் பிறகு திரை வராமல் போனால் எல்லாரும் சுவர்ச் செருகியையே சந்தேகிக்கிறார்கள், ஆனால் மோடத்திலிருந்து வரும் இணைய ஒயர் வழியாகவும் மின்னல் அடி போர்டுக்குள் நுழையும். அதற்காக பவர் சப்ளையைத் திறந்து பார்க்கக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான அளவு மின்சாரம் தேங்கியிருக்கும்.

மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ சி.ஆர். 2032 பேட்டரியை மாற்றுவது எடுத்த எடுப்பில் செய்ய வேண்டியது அன்று. அது தீர்ந்தால் பெரும்பாலும் கடிகாரமும் அமைப்புகளும்தான் அழியும். எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேம், கார்டு, பேட்டரி மூன்றையும் சேர்த்துக் கழற்றிப் பூட்டிப் படம் வந்துவிட்டால், குற்றவாளி யார் என்பது கடைசிவரை தெரியாது.

பெட்டியைக் கடைக்குத் தூக்கத்தான் வேண்டும் என்றால், மதர்போர்டின் ஓரத்தில் செயலி, ரேம், கிராபிக் கார்டு ஆகியவற்றுக்கென்று சிறு விளக்குகள் இருந்தால், அவற்றில் எது அணையாமல் நிற்கிறது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.