சூப்பர்நோவாவில் காமா கதிர் தேடும்போது எங்கே சறுக்குகிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். சில விநாடிகளில் மின்னி மறையும் காமா கதிர் வெடிப்பு வேறு, நட்சத்திரம் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவாவில் நாம் தேடும் கதிர் வேறு. இங்கே நாம் தேடுவது, வெடிப்பில் உருவான கதிரியக்க அணுக்கள் சிதையும்போது வரும் கதிர்களை. நிக்கல்-56 ஆறு நாள் அரை ஆயுளில் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) கோபால்ட்-56 ஆகிறது, அது 77 நாள் அரை ஆயுளில் இரும்பு-56 ஆகிறது, அந்தக் கடைசிப் படியில்தான் 847, 1238 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கோடுகள், அதாவது அந்தக் குறிப்பிட்ட ஆற்றல்களில் குவியும் கதிர்கள், வருகின்றன.

847-இல் ஒரு மேடு தெரிந்தால் உடனே கொண்டாடிவிடாதீர்கள், இதுதான் பெரிய தவறு. அந்தக் கதிரை விடுவது உண்மையில் கிளர்ச்சியடைந்த இரும்பு-56 அணுக்கரு. செயற்கைக்கோளில் இருக்கும் இரும்பை ஒரு நியூட்ரான் தாக்கினாலும் அதே 847 வரும்! காஸ்மிக் கதிர்கள் கருவியையே கதிரியக்கப் பொருளாக்கிவிடுவதால் பின்னணி இரைச்சல் சிக்னலைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காக வளிமண்டலத்துக்குக் கீழே இறங்கவும் வழியில்லை, இந்தக் கதிர்கள் தரை வரை வருவதே கிடையாது.

சரி, எப்படிப் பிரிப்பது? அகலத்தைப் பாருங்கள். கருவியிலிருந்து வரும் கோடு ஒல்லியாக இருக்கும். நட்சத்திரத்தின் சிதறல் (வெடித்து வெளியேறும் பொருள்) விநாடிக்கு 10,000 கிலோமீட்டரில் பறந்தால், நம்மை நோக்கி வரும் பகுதியின் கதிர் ஆற்றல் கூடியும் விலகும் பகுதியின் கதிர் ஆற்றல் குறைந்தும் தெரியும் டாப்ளர் விளைவால் கோடு இரண்டு பக்கமும் 28 கிலோ எலக்ட்ரான்வோல்ட் வரை விரியும், அதனால் 847-ஐ மட்டும் குறுகலாகத் தேடுகிறவர் உண்மையான சிக்னலில் பெரும்பகுதியைக் கோட்டைவிடுவார்.

அப்புறம், வெடித்த மறுவாரமே தேடிவிட்டு "இல்லை" என்று முடிவுகட்டுவது. சிதறல் விரிந்து மெலியும் வரை கதிர்கள் உள்ளேயே சிக்கிக்கிடக்கும். 1987ஏ சூப்பர்நோவாவில் கோபால்ட் கோடுகள் தெரிய சுமார் ஆறு மாதம் ஆனது, அதுவே எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம். ஆழத்தில் இருந்திருக்க வேண்டிய கோபால்ட் மேலடுக்குகளோடு கலந்துவிட்டது என்பதை அந்த அவசர வருகைதான் காட்டிக்கொடுத்தது. எம் 82 விண்மீன் மண்டலத்தில் 2014-இல் வெடித்தது ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய நட்சத்திரம்), அதன் மேல் தடித்த உறை கிடையாது, ஆகவே இன்டெக்ரல் செயற்கைக்கோள் சுமார் 20 நாளிலேயே நிக்கல் கோடுகளைப் பிடித்துவிட்டது.

வந்து சேர்ந்த கதிர்களை மட்டும் எண்ணி மொத்த நிக்கலின் நிறையைச் சொல்லிவிடவும் கூடாது. தப்பி வராத பங்குதான் சிதறலைச் சூடாக்கி நாம் காணும் ஒளியாகிறது, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சூப்பர்நோவாக்கள் விட்டுச்சென்ற பழைய எச்சங்களில் கோபால்ட்டைத் தேடிப் பயனில்லை, எப்போதோ தீர்ந்திருக்கும். அங்கே டைட்டானியம்-44-ஐத் தேடுங்கள். அதன் அரை ஆயுள் சுமார் 60 வருடம், அதனால்தான் மூன்று நூற்றாண்டு தாண்டிய காசியோப்பியா ஏ என்ற எச்சத்தில் நியூஸ்டார் தொலைநோக்கியால் அது எங்கெங்கே கொத்துக் கொத்தாகச் சிதறிக்கிடக்கிறது என்று வரைபடமே எடுக்க முடிந்தது.